சாவியின் பேரில்

"உனக்குக் கோபம் வந்தா என்ன செய்வே?"

அச்சகத்தில் வேலை கேட்டுப் போன முதல் நாள் முதலாளி அவளிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான். மெய்ப்புத் திருத்தும் வேலைக்கு வந்தவளிடம் யாரும் கேட்கிற கேள்வி இல்லை. அவள் யோசிக்காமல் பதில் சொன்னாள்.

"மறுபடியும் முதல்லேர்ந்து படிப்பேன்."

அன்றே வேலை கிடைத்தது. பதினாறு வருடம் அந்த அச்சகத்தில் அடுத்தவர் எழுதியதில் பிழை பார்த்தாள். விட்டுப்போன ஒற்றெழுத்துகளைத் தேடித் தேடிச் சிவப்பு மையால் போட்டதில் 'ஒற்று' என்றே பேர் நிலைத்துவிட்டது. அச்சகம் மூடியதும் துப்பறியும் அலுவலகம் திறந்தாள். பலகைக்கு வேறு பேர் தேடவில்லை. ஒற்று என்றால் உளவும்தானே.

"ஒற்றுப் பிழை பாத்தவங்க ஒற்றராவே ஆயிட்டீங்க அண்ணி. நான் அன்னைக்கும் ஸ்க்ரூ கழட்டினேன், இன்னைக்கும் கழட்டறேன்" என்பான் அவள் கணவனின் தம்பி. கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்து நொடித்துப் போய் அவளிடம் உதவிக்கு வந்தவன். சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு திருப்புளி இருக்கும். ஊருக்கே அவன் திருப்புளிதான்.

அந்தத் திங்கட்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு, ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த அவர்களுடைய ஒற்றை அறையில், மேசைக்கு எதிரே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது திருப்புளிக்கு. மடித்துப் பிரித்து மடித்துப் பிரித்து நைந்துபோன ஒரு கடிதத்தை மேசையில் வைத்தபோது அவள் விரல் நகங்கள் வெளுத்திருந்தன.

"நாலு மணிக்கு விசாரணை. விசாரணைன்னு சும்மா பேர். எழுதி வச்சுட்டாங்க. திருடின்னு சொல்லி அனுப்பப் போறாங்க. அதுக்கப்புறம் இந்த வேலையில எவனும் என்னை வாசல்ல நிக்க விடமாட்டான்."

"உன் பேர் என்னம்மா?" என்றான் திருப்புளி.

"ஆபீஸ்ல எல்லாரும் சாவின்னு கூப்பிடுவாங்க."

"சாவியா? எதுக்கு?"

"அதைச் சொல்லத்தான் வந்திருக்கேன்."

ஒற்று கடிதத்தைப் பிரித்து அவசரமாக மேலோட்டமாகப் பார்த்தாள். கை தானாகவே சிவப்புப் பேனாவைத் தேடியது. கடைசி வரியில் நின்றாள்.

"'துணைக்கு ஒருவரை அளைத்து வரலாம்.' அளைத்து."

"சேத்துல அளையற மாதிரி நம்மளை அளைஞ்சுகிட்டே வரச் சொல்றாங்க போல" என்றான் திருப்புளி. "அண்ணி, தூக்குத் தண்டனைத் தீர்ப்பைக் கொடுத்தாலும் நீங்க எழுத்துப் பிழைதான் பாப்பீங்க."

"துணைக்கு வரலாம்னு எழுதியிருக்கே, அது போதும். நாம உள்ளே போகலாம்." பேனாவை மூடினாள். "நீ சொல்லும்மா. முதல்லேர்ந்து."

சாவி சொன்னாள். அவளுடைய அலுவலகத்தில் தலைவரையும் சேர்த்து ஏழே பேர், கணக்கு வழக்கு பார்க்கத் தனியாக ஒரு நிர்வாகி. பாலம் கட்டுகிறவர்கள் இல்லை. காற்று அடித்தால் ஒரு பாலம் எவ்வளவு ஆடும் என்று கணக்கிடும் மென்பொருளை எழுதுகிறவர்கள். மேசைக்கு அடியில் இருந்த கம்ப்யூட்டரில் ஒரு பாலத்தைக் கணக்கிடப் பதினோரு நாள் ஆகும். பத்தாவது நாள் மின்சாரம் போனால் மறுபடி முதலிலிருந்து. அதனால் இரண்டு வருடத்துக்கு முன்பு கிளவுடுக்கு மாறினார்கள்.

"மேகம்னதும் மேலே பாக்காதீங்க அண்ணி" என்றான் திருப்புளி. "எங்கேயோ ஒரு கட்டடம் முழுக்க கம்ப்யூட்டர் அடுக்கி வச்சிருப்பான். நாம இங்கேருந்தே வாடகைக்கு எடுக்கலாம். விசேஷத்துக்கு நாற்காலி எடுக்கற மாதிரி. இருநூறு வேணுமா, எடு. வேலை முடிஞ்சுதா, திருப்பிக் கொடு."

"இருநூறு மெஷின்ல பதினோரு நாள் வேலை ஒன்றரை மணி நேரத்துல முடியும்" என்றாள் சாவி. "ஆனா வர்ற மெஷின் ஒவ்வொண்ணும் வெறும் வீடு மாதிரி. ஒண்ணுமே இருக்காது. அதுல என்னென்ன போடணும்னு ஒரு செய்முறைத் தாள் எழுதி வைக்கணும். மெஷின் எழுந்ததும் அந்தத் தாளைப் படிச்சு, தானே எல்லாத்தையும் போட்டுக்கும். கணக்கு முடிஞ்சதும் விடையைத் தனிக் கிடங்குல வச்சுட்டு மெஷினைக் கலைச்சிடுவோம். மறுநாள் மறுபடி வெறும் வீடு, மறுபடி அதே தாள். அந்தத் தாளை எழுதினது நான்."

"நல்ல வேலைதானே. எங்கே இடிச்சுது?"

"போன திங்கட்கிழமை ஒரு பாலத்தை ஓட்டினோம். நடுக்கண், அதாவது நடுத் தூண்களுக்கு இடையில இருக்கற பகுதி, பதினேழு சென்டிமீட்டர் ஆடும்னு வந்துச்சு. ஆபத்தான ஆட்டம். ரிப்போர்ட்டுக்காக வியாழக்கிழமை மறுபடி ஓட்டினோம். அதே பாலம், அதே காத்து. எட்டுன்னு வந்துச்சு."

திருப்புளி விசில் அடிக்க வாயைக் குவித்தவன், அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

"நடுவுல என்னமோ மாறியிருக்கு, ரிப்போர்ட்டை அனுப்பாதீங்க, யார் என்ன மாத்தினாங்கன்னு குறிப்பைப் பாருங்கன்னு தலைவர்கிட்ட எழுதிக் கொடுத்தேன். வியாழக்கிழமை சாயங்காலம். நானே பாக்கறதுக்குள்ள வெள்ளிக்கிழமை காலையில இந்த நோட்டீஸ். என் பாஸ்வேர்டை மாத்தி, என் ஆபீஸ் அட்டையையும் பிடுங்கிக்கிட்டாங்க. எட்டுன்னு போட்ட ரிப்போர்ட் பாலம் கட்டறவங்களுக்குப் போயிடுச்சு. பாலம் பத்திரமா இருக்காம்."

"உன் மேல என்ன குத்தம்?"

"எங்க கம்ப்யூட்டர்ல எதை மாத்தினாலும் ஒரு வரி குறிப்பு எழுதணும். புதன்கிழமை, என் பேர்ல ஒரு குறிப்பு இருக்கு. 'பழைய எண்கள் அனைத்தையும் அளித்துவிட்டேன்.' இத்தனை வருஷம் நாங்க சேத்து வச்ச அளவையெல்லாம் வெளியாளுக்குத் தூக்கிக் கொடுத்துட்டேனாம். நான் அதை எழுதவே இல்லக்கா."

"உன் பேர்ல எப்படி வந்துச்சு?"

சாவி முதல்முறையாகச் சிரித்தாள். பார்க்க நன்றாக இல்லாத சிரிப்பு.

"ஏன்னா ஏழு பேருக்கும் ஒரே சாவி. கிளவுடுல முதல்ல கணக்குத் திறந்தது நான். என் பேர்ல. ஆளுக்கொரு சாவி போட்டுக்கலாம், அஞ்சு நிமிஷ வேலைன்னு மூணு தடவை கேட்டேன். 'எதுக்கும்மா, நாம ஒரே குடும்பம்'னார் தலைவர். யார் எதைச் செஞ்சாலும் பேரு என்னுது."

ஒற்று எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். அவள் காது மடல் சிவந்திருந்தது. திருப்புளி சத்தம் போடாமல் பின்னால் போனான். அந்தக் காது சிவந்தால் யாருக்கோ நேரம் சரியில்லை என்று அவனுக்குத் தெரியும்.

அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் இல்லை. கதவைத் தள்ளியதும் ஏழு மேசைகள், ஒரு நீளமான வெள்ளைப் பலகை, பாதி அழித்த கணக்குகள். ஐந்து தலைகள் நிமிர்ந்து சாவியைப் பார்த்துவிட்டு, அவசர அவசரமாகத் திரைகளுக்குத் திரும்பின. போன வாரம் வரை அவளோடு ஒரே மேசையில் டீ குடித்தவர்கள்.

திருப்புளி சுவரைக் காட்டினான். ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. மேலே சாவியின் பேர், கீழே பாஸ்வேர்டு. பழைய பாஸ்வேர்டை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் புதியதையும் அதே சீட்டில் எழுதியிருந்தார்கள்.

"திருடன் வந்தா வீணா தேட வேண்டாம்னு நல்ல எண்ணம் அண்ணி" என்றான். "பூட்டை மாத்தினாங்க, சாவியை மறுபடி ஆணியிலேயே மாட்டிட்டாங்க."

நிர்வாகி வந்தாள். ஐம்பது வயது. மூக்குக்கண்ணாடி சங்கிலியில் தொங்கியது. வார்த்தைக்கு வார்த்தை கறாராகப் பேசுகிறவள்.

"துணைக்கு ஒருத்தரைத்தான் கூட்டிட்டு வரலாம். ரெண்டு பேர் வந்திருக்கீங்க."

"இவரு என் துணை. நான் அந்தப் பொண்ணுக்குத் துணை" என்றாள் ஒற்று. "குறிப்பைப் பாக்கணும்."

நிர்வாகி கோப்பைத் திறந்து ஒரு அச்சிட்ட தாளை நீட்டினாள். தேதி, பேர், குறிப்பு என்று மூன்று பத்திகள். புதன்கிழமைக்கு எதிரே அந்த ஒற்றை வரி.

பழைய எண்கள் அனைத்தையும் அளித்துவிட்டேன்.

"இதை முதல்ல படிச்சது யாரு?"

"நான்தான். வியாழக்கிழமை தலைவர் அச்செடுக்கச் சொன்னார். எடுத்துப் படிச்சேன். எனக்கு கம்ப்யூட்டர் தெரியாது, தமிழ் தெரியும். அளித்துவிட்டேன்னா கொடுத்துட்டேன்னு அர்த்தம்."

"சரிதான். கொடுத்தா, யாருக்குக் கொடுத்தா?"

"அதைத்தான் இன்னைக்கு அவ சொல்லணும்."

"கிடங்குலேருந்து என்னென்ன வெளியே போச்சுன்னு ஒரு பட்டியல் இருக்குமே?" என்றான் திருப்புளி. "ஒரு துண்டு கோப்பு போனாக்கூட அங்க எழுதியிருக்குமே?"

நிர்வாகி தயங்கி இன்னொரு தாளை எடுத்தாள். புதன்கிழமைக்கு எதிரே ஒன்றும் இல்லை. அதற்கு முந்தைய வாரத்திலும் இல்லை.

"ரெக்கார்டை அழிச்சிருப்பா" என்றாள்.

"அதை அழிக்க முடியாதுங்க. வாடகைக்கு விட்டவன் எழுதறது அது, நாம எழுதறது இல்ல."

ஒற்று இரண்டு தாள்களையும் அருகருகே பிடித்தாள். "கொடுத்தவ இருக்கா. வாங்கினவன் இல்ல. பொருள் வச்ச இடத்துலயே இருக்கு. இது என்ன திருட்டு?"

நிர்வாகி கைநீட்டிப் பட்டியலை வாங்கினாள். கண்ணாடியை ஏற்றி, தானே அந்தத் தாளை மறுபடி பார்த்தாள். அதற்குள் உள்ளறைக் கதவு திறந்தது.

தலைவர் மெதுவாகப் பேசுகிறவர். வெள்ளைச் சட்டை, வாரிய தலை, யாரையும் கடிந்து பேசியே இராத முகம். எல்லோரையும் உள்ளே உட்கார வைத்தார். சாவிக்குத் தானே நாற்காலியை இழுத்துப் போட்டார். அதுதான் ஒற்றுக்கு இன்னும் எரிந்தது.

"எனக்கு இதுல சந்தோஷமே இல்லம்மா" என்றார் சாவியிடம். "உன்னை என் பொண்ணு மாதிரிதான் நெனச்சேன். இங்க நாம ஒரே குடும்பம். ஆனா குடும்பம்னாலும் ஒரு ஒளுங்கு வேணுமில்லையா?"

"சார், எட்டுங்கறது தப்பான விடை" என்றாள் சாவி. அவரை நேராகப் பார்த்தாள். "என்னை என்ன வேணா செய்யுங்க. அந்த ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்குங்க."

"பாத்தீங்களா, பேச்சை மாத்தறா." ஒற்றிடம் திரும்பினார். "பளைய எண்களை யாருக்குக் கொடுத்தேன்னு சொல்லிட்டா, கேஸ் கீஸ்னு போகாம இங்கயே முடிச்சுக்கலாம். குடும்பத்துக்குள்ள விஷயம் வெளிய போக வேண்டாம்."

"அன்னைக்கு உண்மையிலேயே என்ன மாறிச்சுன்னு திரையில பாக்கலாமா?"

"அது ரகசியம். நீங்க வெளியாள்."

"குடும்பம்னா மருமகளை மட்டும் வெளியாளாக்கித் துரத்தறது எங்க ஊட்லயும் உண்டு சார்" என்றான் திருப்புளி. ஒற்று அவனைப் பார்த்தாள். "பொதுவா சொன்னேன் அண்ணி. உங்களை இல்ல."

ஒற்றின் கைகள் மேசைக்குக் கீழே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. பதினாறு வருடத்தில் எத்தனையோ பேர் இதே பட்டுப் போன்ற குரலில் பேசிக் கேட்டிருக்கிறாள். அச்சுப் பிழை வந்தால் பழி எழுத்துக் கோப்பவன் மேல், கோப்பவன் இல்லாவிட்டால் மை தடவுகிறவன் மேல், அவனும் இல்லாவிட்டால் கூட்டுகிறவள் மேல். மேலே இருந்து கீழே விழும்போது தவறு எப்போதும் கடைசிப் படியில்தான் போய் நிற்கும். அவளுக்கு மேசையைக் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது.

"அஞ்சு நிமிஷம் கொடுங்க" என்றாள். "எனக்குக் கோபம் வந்துடுச்சு. நான் படிக்கணும்."

தலைவர் புருவத்தை உயர்த்தினார். திருப்புளி நாற்காலியில் சாய்ந்து வசதியாக உட்கார்ந்துகொண்டான்.

ஒற்று மூன்று தாள்களை வரிசையாக வைத்தாள். குறிப்பு, சாவி வியாழக்கிழமை எழுதிக் கொடுத்த புகாரின் நகல், நோட்டீஸ். முதலிலிருந்து படித்தாள். உதடுகள் மட்டும் அசைந்தன. புகாரை முடித்தாள். நோட்டீஸின் முதல் வரியிலிருந்து வந்தாள். இரண்டாம் பத்தியில் விரல் நின்றது. திரும்பக் குறிப்புக்குப் போனது. மறுபடி நோட்டீஸுக்கு வந்தது.

காது மடலில் சிவப்பு மெல்ல இறங்கியது.

"இந்த நோட்டீஸை யார் டைப் பண்ணினது?"

"ரகசியக் கடிதம். தலைவரேதான் டைப் பண்ணினார்" என்றாள் நிர்வாகி. "நான் சீல் மட்டும்தான் வச்சேன்."

"சத்தமாப் படிக்கறேன், கேளுங்க. 'தங்களுக்கு விளக்கம் அழிக்க ஒரு வாய்ப்பு அழிக்கப்படுகிறது.'"

திருப்புளி நோட்டீஸை எட்டிப் பார்த்தான். "வாய்ப்பைக் கொடுக்கும்போதே அழிச்சுட்டாரு. நேர்மையான மனுஷன்" என்றான்.

"ள வர்ற இடத்துல ழ போட்டிருக்கார். அளிக்க வேண்டிய இடத்துல அழிக்கறார். அடுத்த வரியைப் பாருங்க. 'துணைக்கு ஒருவரை அளைத்து வரலாம்.' இங்க ழ வரணும், ள போட்டிருக்கார். ரெண்டும் இவருக்கு ஒண்ணுதான்." குறிப்பை எடுத்து மேசை நடுவில் வைத்தாள். "இப்ப இதைப் படிங்க. 'பழைய எண்கள் அனைத்தையும் அளித்துவிட்டேன்.' இதை எழுதினவர் எதையும் யாருக்கும் அளிக்கல. அழிச்சார். அழித்துவிட்டேன்னு எழுத நெனச்சு அளித்துவிட்டேன்னு எழுதிட்டார்."

நிர்வாகி கண்ணாடியைக் கழற்றினாள்.

"இந்தப் பொண்ணோட புகாரைப் பாருங்க. 'பழைய விடைகளோடு ஒப்பிட்டு விளக்கமளிக்க வேண்டும், பிழையான அறிக்கை போய்விடக் கூடாது.' அத்தனை ழவும் ளவும் வேண்டிய இடத்துல இருக்கு. இவளுக்குக் கை தவறாது."

தலைவர் சிரித்தார். "இந்தக் காலத்துல யாருக்கும்மா ழ ஒளுங்கா வருது? ஆயிரம் பேர் அப்படித்தான் எளுதறாங்க."

"ஆயிரம் பேர் எழுதலாம். இந்த ஆபீஸ்ல கம்ப்யூட்டர்ல எழுதறவங்க ஏழு பேர். சுவத்துல இருக்கற சீட்டு ஏழு பேருக்கும் தெரியும். சரி, நான் சொல்றது தப்புன்னா ஒரு பொத்தானை அமுக்கினா போதும். பொய்யா நிஜமான்னு தெரிஞ்சிடும். இந்தக் குறிப்புக்குப் பக்கத்துல எது மாறிச்சுன்னு காட்ட ஒரு பொத்தான் இருக்குமா, இருக்காதா?"

"இருக்கும்" என்றாள் சாவி. அவள் எழுந்து நின்றிருந்தாள். முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது. "இருக்கும்க்கா. பழைய எண்கள். நான் பாலத்தோட அளவுன்னே நெனச்சுட்டேன். செய்முறைத் தாள்ல இருக்கற எண்கள்."

"ரகசியம்னு சொன்னேன்" என்றார் தலைவர். இப்போது குரல் மெதுவாக இல்லை.

எழுந்தது நிர்வாகி. கதவைத் திறந்து, காதில் பெரிய ஹெட்போன் மாட்டியிருந்தவனை விரலால் அழைத்தாள். "உள்ள வந்து புதன்கிழமைக் குறிப்பைத் திற. பக்கத்துப் பொத்தானை அமுக்கு."

ஹெட்போன் தலைவரைப் பார்த்தான். "அதைத் தொட வேண்டாம்னு அன்னைக்கே சொன்னாங்களே மேடம்."

"யார் சொன்னா?"

அவன் மறுபடி தலைவரைப் பார்த்துவிட்டு உட்கார்ந்து அமுக்கினான்.

திரை இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கம் பத்தொன்பது வரி. ஒவ்வொரு வரியிலும் ஒரு துணை மென்பொருளின் பேர், வால்போல ஒரு பதிப்பு எண். வலப்பக்கம் அதே பத்தொன்பது வரி. வால்கள் இல்லை.

"ஐயோ" என்றான் திருப்புளி மெதுவாக. "அண்ணி, இது மளிகைச் சீட்டு மாதிரி. இன்ன கடையில இன்ன பாக்கெட்டுன்னு எழுதியிருந்தது. யாரோ எல்லாத்தையும் அடிச்சிட்டு, கடையில இன்னைக்கு எது புதுசா வந்திருக்கோ அதைப் போடுன்னு விட்டுட்டாங்க. மெஷின் தினம் வெறும் வீடாத்தானே வருது. வியாழக்கிழமை எழுந்ததும் புதுசையெல்லாம் வாங்கிப் போட்டுக்கிட்டு வேற கணக்குப் போட்டிருக்கு."

"அந்த எண் ஒவ்வொண்ணையும் சோதிச்சுச் சோதிச்சுப் போட எனக்கு நாலு மாசம் ஆச்சு" என்றாள் சாவி. பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். "இந்த எண்தான் சரியான விடை கொடுக்குது, இதைத் தொடாதீங்கன்னு தாளோட தலையிலயே எழுதியிருந்தேன். அதையும் எடுத்திருக்காங்க."

தலைவர் மேசையில் இருந்த பேனாவை இடமிருந்து வலமாக நகர்த்தினார்.

"திறந்தாலே சிவப்பா எச்சரிக்கை வரும்" என்றார் கடைசியில். "பளசு, பளசு, புதுசு வந்திருக்குன்னு. பாக்கவே அசிங்கமா இருந்துச்சு. சுத்தம் பண்ணலாம்னு... அது தப்பா என்ன? குறிப்புக்கூட எளுதி வச்சேனே. குறிப்பெல்லாம் தமிள்லதான் எளுதணும்னு சட்டம் போட்டதே நான்தானே. ஒரு எளுத்து மாறினதுக்கு இவ்வளவு பேச்சா?"

"எழுத்து மாறினது குத்தமில்ல சார்" என்றாள் ஒற்று. "அதைத் திருத்தித்தான் நான் பதினாறு வருஷம் சோறு தின்னேன். தாள்ல இருந்த எண்ணை அழிச்சதுகூட அறியாம செஞ்சதுன்னு விட்டுடலாம். எனக்கு ஒண்ணுதான் தெரியணும்." நிர்வாகியிடம் திரும்பினாள். "வியாழக்கிழமை இந்தத் தாளை இவர்கிட்ட கொண்டு போனப்ப நீங்க என்ன கேட்டீங்க?"

நிர்வாகி அந்தத் தாளைக் கையில் எடுத்தாள். அந்த அறையை, அந்த நேரத்தை மறுபடி பார்க்கிறவள்போல நின்றாள்.

"'எண்களை யாருக்கோ கொடுத்துட்டாளாமே சார், யாருக்கு?'ன்னு கேட்டேன். அவர் தாளை வாங்கிப் பாத்தார். அப்புறம் ஜன்னலைப் பாத்தார். ரொம்ப நேரம் பாத்தார். மனசு கஷ்டப்படறார்னு நெனச்சேன்." தாளைக் கீழே வைத்தாள். "அப்புறம், 'அதைத்தான் விசாரிக்கணும்'னார்."

"எழுதினது தான்தான்னு அவருக்கு அப்பவே தெரியும்" என்றாள் ஒற்று. "நீங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்கன்னும் தெரியும். மூணே வார்த்தை சொல்லியிருந்தா போதும். 'நான்தாம்மா, அழிச்சேன், கொடுக்கல.' ஜன்னலுக்கு வெளியே பாத்துக்கிட்டே அந்த மூணு வார்த்தையையும் முழுங்கிட்டார். ஏன்னா அதைச் சொன்னா எட்டு தப்புன்னு ஆகும். எட்டு தப்புன்னா ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கணும். வாங்கப் போறவர் முகம் சிறுத்துப் போகும். அதுக்கு ஒரு பொண்ணு திருடியாகட்டும், பாலம் ஆடினா ஆடட்டும்." சிவப்புப் பேனாவை எடுத்து நோட்டீஸின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். "பிழைக்குத் திருத்தக் குறி உண்டு சார். இதுக்குக் குறி கிடையாது."

தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "ஒரே குடும்..."

"அந்த வார்த்தையை மட்டும் சொல்லாதீங்க" என்றாள் நிர்வாகி.

சுவர்க் கடிகாரத்தில் மணி நான்கு ஆகியிருந்தது. நிர்வாகி தொலைபேசியை எடுத்துப் பாலத்துக்காரர்களின் எண்ணை அழுத்தினாள். ரிப்போர்ட்டில் பிழை இருக்கிறது, தயவுசெய்து அதன்படி எதையும் செய்யாதீர்கள், சரியானது வருகிறது என்றாள். மறுமுனையில் யாரோ கத்தினார்கள். அவள் "ஆமாம்" என்றாள். "ஆமாம், எங்க தப்புதான்" என்றாள்.

சாவி ஹெட்போனின் தோளைத் தொட்டாள். அவன் எழுந்து இடம் விட்டான். கீழே பார்த்தபடி, "நான் பாத்திருக்கணும்" என்று முணுமுணுத்தான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை.

விரல்கள் ஓடின. பத்தொன்பது வரிக்கும் பத்தொன்பது வால்களும் திரும்பி வந்தன. முழுப் பாலத்தையும் எடுக்கவில்லை. முதலில் நடுக்கண் மட்டும். பத்து மெஷின்கள் போதும். எங்கேயோ ஒரு கட்டடத்தில் பத்து வெறும் வீடுகள் திறந்தன, தாளைப் படித்தன, கணக்கில் இறங்கின.

ஆறு நிமிடம். எல்லார் கண்ணும் திரையில்தான். திருப்புளி சட்டைப் பைத் திருப்புளியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான். கதவுக்கு வெளியே மற்றவர்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

திரையில் எண் வந்தது. பதினேழு.

தலைவர் நாற்காலியில் இன்னும் உள்ளே போனார். "தப்பு நடந்துபோச்சு" என்றார் யாரிடமோ. பிறகு சாவியிடம், "நாளையிலேருந்து நீ வளக்கம்போல வரலாம். நோட்டீஸை மறந்துடு. ஏதாவது சொல்லும்மா. மனசுல வச்சுக்காம சொல்லிடு" என்றார்.

சாவி விடையைக் கிடங்கில் வைத்தாள். பத்து மெஷின்களையும் கலைத்தாள். தன் பேரில் இருந்த பொதுச் சாவியைத் திறந்து, ஆறு பேருக்கு ஆறு தனிச் சாவிகள் போட்டாள், தனக்கு ஏழாவது. பழையதை மூடினாள். அவள் சொன்னதுபோலவே ஐந்து நிமிட வேலைதான். மாற்றத்தைச் சேமிக்கும் முன் திரை எப்போதும்போலக் குறிப்பு கேட்டது. அவள் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள்.

அழித்த எண்களைத் திரும்ப அளித்திருக்கிறேன்.

ஒற்று தோளுக்கு மேலாக அதைப் படித்தாள். திருத்த ஒன்றும் இருக்கவில்லை.

சாவி எழுந்து நிர்வாகியின் முன்னால் போய்க் கையை நீட்டினாள். நிர்வாகி இழுப்பறையைத் திறந்து வெள்ளிக்கிழமை பிடுங்கி வைத்த அட்டையை எடுத்து, இரண்டு கைகளாலும் கொடுத்தாள். சாவி அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். வெளியறைக்கு வந்து, சுவரில் இருந்த மஞ்சள் சீட்டைப் பிய்த்துக் கசக்கினாள். வழியில் நின்ற நான்கு பேரும் விலகினார்கள். அவர்களில் ஒருத்தி அவள் கையைப் பிடிக்கப் பார்த்தாள். பிடிக்க முடியவில்லை.

"தங்கச்சி" என்று கூப்பிட்டான் திருப்புளி. ஒற்று அவன் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

சாவி கதவைத் தள்ளிக்கொண்டு, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல், படியிறங்கிப் போனாள்.